இடது கீழ் மூலை

முதலிடத்தில் முடிக்கும் அணிக்கு எங்கள் லீகில் ஒரு சலுகை உண்டு. பிளே ஆஃப் முதல் சுற்றில் யாரோடு மோதுவது என்பதை அந்த அணியே தேர்ந்தெடுக்கலாம். ஐந்தாம் இடம் முதல் எட்டாம் இடம் வரை வந்த நான்கு அணிகளின் கேப்டன்களும் டெலிவிஷன் விளக்குகளுக்குக் கீழே வரிசையாக நிற்பார்கள். மேடையேறி, சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குவதுபோல ஒன்றைப் பொறுக்க வேண்டும். இதைச் சலுகை என்று கண்டுபிடித்த ஆள் வாழ்நாளில் ஐஸ் ஹாக்கி மட்டையைத் தொட்டிருக்க மாட்டான். பொறுக்கிய அணியை ஜெயித்தால் யாரும் பாராட்டப் போவதில்லை. தோற்றால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கதை.

அந்த வருடம் விசோகா முதலிடம். ஐம்பத்திரண்டு ஆட்டங்களில் முப்பத்தொன்பதை ஜெயித்திருந்தார்கள். மேடையேறி "தோலினா" என்று மைக்கில் சொன்னவன் கேப்டன் தமியான். ஆனால் அந்தப் பெயரைச் சீட்டில் எழுதி அவன் கையில் திணித்தவர் உதவிப் பயிற்சியாளர் ரதோவான்.

ரதோவானுக்கு வயது ஐம்பத்தொன்று. பத்தொன்பது வருடமாக விசோகாவில் உதவிப் பயிற்சியாளர். இந்தக் காலத்தில் ஏழு தலைமைப் பயிற்சியாளர்கள் வந்தார்கள், போனார்கள். வாடகை வீடு எது, நல்ல பல் டாக்டர் யார், எந்த ஆட்டக்காரனிடம் எப்படிப் பேச வேண்டும் என்று ஏழு பேருக்கும் சொல்லிக்கொடுத்தது அவர்தான். ஏழு பேரும் அவர் தோளில் தட்டிவிட்டு மேலே போனார்கள். இப்போது இருந்த ஃபின்லாந்துக்காரர் ஆர்வோவும் அடுத்த வருடம் சுவிட்சர்லாந்துக்குப் போக ஒப்பந்தம் போட்டுவிட்டார். ஜனவரியில் ஒருநாள் கிளப் தலைவர் ப்ளாஷ்கோ ரதோவானை அறைக்குக் கூப்பிட்டு, இந்த முறையாவது முதல் சுற்றைத் தாண்டினால் தலைமைப் பயிற்சியாளர் பதவி அவருக்குத்தான் என்று சொன்னார். அதற்கு முந்தைய இரண்டு வருடமும் விசோகா முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்வியிருந்தது.

அதனால் ரதோவான் மூன்று வாரம் உட்கார்ந்து யோசித்துத்தான் தோலினாவைப் பிடித்தார். எட்டாம் இடம். பள்ளத்தாக்கின் மேல் கோடியில் இருக்கும் மரம் அறுக்கும் ஊர். ஸ்டேடியத்துக் கூரை ஒழுகும். கடைசி நாளில் வேறு யாரோ தோற்றதால் தொற்றிக்கொண்டு உள்ளே வந்த அணி. எல்லாவற்றுக்கும் மேல், அவர்களுடைய கோல்கீப்பர் வெந்தெல்.

வெந்தெல் விசோகாவில் பிறந்து விசோகாவில் வளர்ந்தவன். பதினோரு வருடம் விசோகாவின் வலையைக் காத்தவன். மூன்று வருடத்துக்கு முன்னால் அவனை வெளியே அனுப்பச் சொல்லி அறிக்கை எழுதியது ரதோவான். இடது முட்டி போய்விட்டது, இடது கீழ் மூலைக்கு வரும் ரப்பர் வட்டைத் தடுக்க அரை நொடி தாமதமாகிறது, இனி ஒரு வருடம்கூடத் தாங்க மாட்டான் என்று எழுதினார். முப்பத்தைந்து வயதில் வெந்தெல் பையைத் தூக்கிக்கொண்டு தோலினாவுக்குப் போனான். கோடையில் மரலாரி ஓட்டுகிறான் என்று கேள்வி.

தேர்வு நடந்த அன்று மாலை ரதோவானின் மனைவி யர்மிலா பூண்டு சூப்பைத் தட்டில் ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "வெந்தெல் உன் மேல கொலைவெறில இருப்பான். அது தெரிஞ்சுதான் அவன இழுத்தியா?"

"வெறி வந்தா முட்டி சரியாயிடுமா?" என்றார் ரதோவான்.

"ஆகாது. ஆனா உனக்கும் அவனுக்கும் நடுவுல இருக்கற பஞ்சாயத்துக்கு இருபது பசங்கள ஏன் கூட்டிட்டுப் போற?"

பஞ்சாயத்தெல்லாம் ஒன்றுமில்லை, கணக்குப் பார்த்துத்தான் செய்தேன் என்று ரதோவான் ரொட்டியைப் பிய்த்தார். அவர் பொய் சொல்லவில்லை. ஒரு மனிதன் பத்தொன்பது வருடம் காத்திருந்த பிறகு, தன் கணக்கில் எங்கே மூளை முடிகிறது, எங்கே வேறொன்று தொடங்குகிறது என்பது அவனுக்கே தெரிவதில்லை.

திட்டம் எளிமையானது. சுற்றி வளைக்காமல் வெந்தெலின் இடது கீழ் மூலைக்கு அடிக்க வேண்டும். தூரத்திலிருந்து அடி, கிட்டே போய் அடி, தடுமாறினாலும் அங்கேயே அடி. பயிற்சியில் அந்த மூலையில் சிவப்புத் துணி கட்டி ஆளுக்கு நூறு அடி அடிக்கவைத்தார்.

முதல் ஆட்டம் விசோகாவில். நாற்பத்துநான்கு அடி, ஒரே ஒரு கோல். தோலினா பதினாறு அடியில் இரண்டு கோல் போட்டுவிட்டுப் போனது. இரண்டாவது ஆட்டத்தில் விசோகா நான்கு கோல் போட்டு ஜெயித்தது. அதில் மூன்று, யாரோ ஒருவனின் முதுகிலும் காலிலும் பட்டுத் திசை மாறி உள்ளே போனவை. ரதோவான் அதைக் கவனிக்கவில்லை. நான்கு என்பதை மட்டும் கவனித்தார். மூன்றாவது ஆட்டம் தோலினாவில், ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோல்வி. நான்காவதில் கூடுதல் நேரம் வரை இழுத்து எப்படியோ ஜெயித்தார்கள். ஐந்தாவது சொந்த ஊரில் மறுபடி தோல்வி. நான்கு ஆட்டம் யார் ஜெயிக்கிறார்களோ அவர்களுக்குச் சுற்று. தோலினாவுக்கு இன்னும் ஒன்றே ஒன்று போதும்.

ரதோவானுக்குக் கணக்குப் புரியவில்லை. வட்டு அந்த மூலைக்குத்தான் போகிறது. பசங்கள் சொன்னபடி அடிக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வெந்தெலின் கால் பேடு அங்கே வந்து தடுப்புச் சுவர் மாதிரி படுத்துக்கொள்கிறது. போய்விட்ட முட்டி எங்கிருந்து வந்தது? ஐந்தாவது ஆட்டத்தில் அவர் பெஞ்சுக்குப் பின்னால் நின்று தண்ணீர் பாட்டிலைக் கசக்கியே உடைத்தார். தோலினா ரசிகர்கள் ஆட்டு மணிகளை ஆட்டிக்கொண்டு, "எங்களைத் தேர்ந்தெடுத்ததுக்கு ரொம்ப நன்றி" என்று ஒரு பெரிய துணியை விரித்துப் பிடித்தார்கள். அடுத்த நாள் கசாப்புக் கடைக்காரர் தொத்திறைச்சிகளுக்கு மேலே கையை நீட்டிய ரதோவானைத் தடுத்து, "நீங்க பொறுக்க வேணாம் சார், நானே எடுத்துத் தர்றேன்" என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ரதோவான் எதுவும் வாங்காமல் வெளியே வந்தார்.

ஆறாவது ஆட்டத்தன்று காலை ஏழு மணிக்கே ஸ்டேடியத்துக்குப் போய் வீடியோ அறையில் உட்கார்ந்தார். ஐந்து ஆட்டங்களையும் பத்து தடவையாவது பார்த்திருப்பார். எப்போதும் பார்ப்பது வட்டை. வட்டு எங்கே போனது, எவ்வளவு வேகம், எவ்வளவு உயரம். அன்று எரிச்சலில் வட்டைப் பார்க்கவே பிடிக்காமல் வெந்தெலை மட்டும் பார்த்தார். அதுவும் அடி விழுவதற்கு முந்தைய கணத்தில்.

வெந்தெல் வலையின் நடுவில் நிற்கவில்லை. ஒரு ஜாண் வலப்பக்கம் தள்ளி நின்றான். அவனுடைய இடது கீழ் மூலை, வா வா என்று திறந்து கிடந்தது. அடிப்பவன் மட்டையை ஓங்கும்போதே, வட்டு கிளம்பும் முன்பே, அவன் இடப்பக்கம் சரிந்துவிட்டிருந்தான். ரதோவான் வீடியோவைப் பின்னால் ஓட்டினார். மறுபடி பார்த்தார். இடப்பக்கம் சரிவதற்கு இடது முட்டி எதற்கு? உதைப்பது வலது கால். அவனுடைய வலது கால் காளைமாட்டுக் கால். இடது முட்டி போனவனுக்கு வலப்பக்கம் திரும்பி வருவதுதான் கஷ்டம். அதனால் வலப்பக்கத்தில் முதலிலேயே நின்றுகொண்டு, இடப்பக்கத்தை எலிப்பொறி வடையாக வைத்திருந்தான். விசோகாவில் இருக்கும் ரதோவான் அந்த வடையைக் கடிக்கச் சொல்வார் என்று அவனுக்குத் தெரியும். அறிக்கையை அவனும் படித்திருக்கிறான் அல்லவா.

ஒரு நொடி பொறுத்தால் போதும். ஓங்குவதுபோல ஓங்கி நிறுத்தி, அவன் இடப்பக்கம் சரிந்த பிறகு வலது தோளுக்கு மேலே அடித்தால் அவனால் திரும்பி வர முடியாது. ஐந்து ஆட்டங்களாக அந்த இடம் காலியாகக் கிடந்திருக்கிறது. சிறுவர் அணிப் பயிற்சியாளர்கூடக் கண்டுபிடித்திருப்பார். ரதோவான் தன் தொடையில் தானே குத்திக்கொண்டார்.

அப்போது தமியான் கதவைத் திறந்து தலையை நீட்டினான். தாடி நெஞ்சுவரை வந்திருந்தது. பிளே ஆஃப் முடியும்வரை யாரும் சவரம் செய்வதில்லை. அவனுக்கு முப்பத்தாறு வயது. பதினேழு வருடம் இதே அணி. கோப்பை என்று ஒன்றையும் தொட்டதில்லை. இடுப்பு போய்விட்டதால் இதுதான் கடைசி வருடம் என்று வீட்டிலும் கிளப்பிலும் சொல்லியாகிவிட்டது.

"புதுசா ஏதாவது கிடைச்சுதாண்ணே?" என்று கேட்டான்.

ரதோவான் வாயைத் திறந்தார். தமியானுக்குப் பின்னால் நடையில் தலைவர் ப்ளாஷ்கோ நின்றுகொண்டிருந்தார். ஆர்வோவிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். நிர்வாகக் குழுவில் சிலர் வெளிநாட்டுக்காரர் ஒருவரைக் கொண்டுவரலாம் என்கிறார்கள், ஆனால் எதிராளியைப் படிப்பதில் ரதோவானை மிஞ்ச ஆளில்லை என்று நான் அடித்துச் சொல்லிவிட்டேன் என்பது நேற்று ப்ளாஷ்கோ அவரிடம் சொன்னது. இப்போது என்ன சொல்வது? ஐந்து ஆட்டமாக உங்களைப் பொறிக்குள் தள்ளினேன் என்றா? நான்கு அணியில் இந்த அணியைப் பொறுக்கியதும் அந்தப் பொறியை நம்பித்தான் என்றா?

"ஒண்ணுமில்லப்பா. பழசுதான். இடது கீழ அடிச்சுகிட்டே இருங்க, உடையும்" என்றார்.

தமியான் தலையாட்டிவிட்டுப் போனான். அவன் நம்பினான். அதுதான் பிற்பாடு ரதோவானைத் தூங்கவிடாதது.

அவர் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் இல்லை. இத்தனை அடி அடித்தால் நாலைந்தாவது உள்ளே போகத்தான் செய்யும். ஆட்டத்தன்று போய்த் திட்டத்தை மாற்றினால் பசங்கள் குழம்பிவிடுவார்கள். வெந்தெலும் மனிதன், களைப்பான். பஸ்ஸில் தோலினா போகும் வழியெல்லாம் இந்த மூன்றையும் மாற்றி மாற்றி மென்றுகொண்டிருந்தார். ஒன்றும் இறங்கவில்லை.

தோலினாவின் ஸ்டேடியத்தில் மூவாயிரம் பேருக்கு இடம். அன்று நாலாயிரம் பேர் இருந்தார்கள். மணிச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் பேசுவது கேட்கவில்லை. இருபது இருபது நிமிடமாக மூன்று பீரியட். முதல் பீரியடில் விசோகா பதினைந்து அடி அடித்தது. பதினைந்தும் வெந்தெலின் இடது பேடில். எதிர்ப்புறம் தோலினாவின் பொடியன் ஒருவன் ஒரே ஒரு முறை தப்பித்து ஓடி கோல் போட்டான். இரண்டாவது பீரியடில் இன்னும் பதினான்கு அடி. தோலினாவுக்கு இன்னும் இரண்டு கோல். பொறு, பொறு, ஒரு நொடி பொறுடா என்று ஒவ்வொரு அடிக்கும் ரதோவான் பல்லுக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாத சொல். பெஞ்சில் வந்து உட்கார்ந்த ஒருவன் மட்டையைச் சுவரில் அடித்து இரண்டாக உடைத்தான். தமியான் அவன் தோளைப் பிடித்து, திட்டத்தை நம்புடா, உடையும் என்று சொல்வது ரதோவான் காதில் விழுந்தது.

மூன்றுக்குப் பூஜ்யம். இடைவேளையில் ஆர்வோ வெள்ளைப் பலகை முன்னால் நின்று பேனாவைத் திறந்தார், மூடினார். இருபது பேர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனி இழக்க எதுவும் இல்லை என்று ஆன பிறகுதான் ரதோவானுக்கு வாய் வந்தது. அதை என்னவென்று சொல்வது? தைரியம் என்று நான் சொல்ல மாட்டேன்.

"எல்லாரும் இங்க பாருங்க," என்றார். "அவன் ஏமாத்தறான். நீங்க ஓங்கும்போதே இடது பக்கம் விழறான். ஓங்குங்க, அடிக்காதீங்க. ஒரு நொடி பொறுங்க. அவன் சரிஞ்சதும் வலது தோளுக்கு மேல போடுங்க. அவனால திரும்பி வர முடியாது."

இப்போதுதான் கண்டுபிடித்தவர் மாதிரி சொன்னார். குரல்கூட அப்படித்தான் வந்தது.

மூன்றாவது பீரியட் தொடங்கி நான்காவது நிமிடத்தில் தமியான் வட்டோடு முன்னேறி மட்டையை ஓங்கினான், நிறுத்தினான். வெந்தெல் இடப்பக்கம் சரிந்தான். தமியான் நிதானமாக வலது தோளுக்கு மேலே தூக்கிப் போட்டான். வலை அசைந்தது. மணிகள் நின்றன. பதினோராவது நிமிடத்தில் இன்னொருவன் அதே மாதிரி. மூன்றுக்கு இரண்டு. அத்தனை சுலபம். இத்தனை நாளாக மலையை முட்டிக்கொண்டிருந்தவர்களுக்குப் பக்கத்திலேயே கதவு இருந்தது.

அதற்குப் பிறகு தோலினா விழித்துக்கொண்டது. ஐந்து பேரும் வெந்தெலின் வலப்பக்கத்தில் வந்து குவிந்தார்கள். வட்டு கிடைத்தபோதெல்லாம் மறுகோடிக்கு அடித்துத் தள்ளினார்கள். கடைசி நாற்பது விநாடி வட்டு மூலைச் சுவரோரம் ஆறேழு பூட்ஸுகளுக்கு அடியில் சிக்கிக்கொண்டது. தமியான் முழங்காலில் விழுந்து மட்டையால் துழாவிக்கொண்டிருந்தபோது சங்கு ஊதிவிட்டது. இன்னும் பத்து நிமிடம் இருந்திருந்தால் சமன் செய்திருப்பார்கள். ஸ்டேடியத்தில் இருந்த எல்லாருக்கும் அது தெரிந்தது. தோலினாக்காரர்களுக்கும் தெரிந்தது. அவர்கள் கையுறைகளை வானத்தில் எறிந்துகொண்டு ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள்.

பிறகு வழக்கப்படி இரு அணியும் எதிரெதிரே வரிசையாக நகர்ந்து கை குலுக்கின. கடைசியில் வந்த வெந்தெல் முகமூடியைக் கழற்றியிருந்தான்; தாடியெல்லாம் வேர்வை. ரதோவானின் கையைப் பிடித்தான். அவன் முகத்தில் வெறி எதுவும் இல்லை. அது இருந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று ரதோவானுக்குத் தோன்றியது.

"மூணாவது ஆட்டத்துலயே புடிச்சிருவீங்கன்னு நெனச்சேண்ணே," என்றான் வெந்தெல். "ராத்திரி தூக்கமே இல்ல. ஒவ்வொரு நாளும் இன்னிக்கு மாத்திருவாரு, இன்னிக்கு மாத்திருவாருன்னு."

கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டான். ரதோவான் நல்லா ஆடினே என்று ஏதோ முணுமுணுத்துவிட்டு நகர்ந்தார்.

உடை மாற்றும் அறைக்குப் போகும் நடையில் தலைவர் ப்ளாஷ்கோ காத்துக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. திட்டப் போகிறார் என்று ரதோவான் நின்றார். கிட்டத்தட்ட அதற்காகவே நின்றார். ப்ளாஷ்கோ அவருடைய இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார்.

"அந்த ஃபின்லாந்துக்காரன் பேனாவத் திறந்து மூடிகிட்டு நிக்கறான். நீ ஒருத்தன் தான்யா கண்டுபுடிச்ச," என்றார். "தாண்டினாத்தான்னு சொன்னேன், வாஸ்தவம். ஆனா இருபது நிமிஷத்துல ஆட்டத்தையே திருப்பினியே, அதுக்கு மேல எனக்கு என்ன வேணும். குழுகிட்ட நான் பேசிக்கறேன். அடுத்த வருஷம் நீதான்."

பத்தொன்பது வருடமாகக் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. அது இப்படி வந்து நிற்கும் என்று யார் நினைத்தார்கள். இல்லை, அது காலையிலேயே தெரியும் என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். ரதோவான் அதைத் தேடிக்கொண்டிருக்கும்போதே ப்ளாஷ்கோ கையைக் குலுக்கிவிட்டு நிருபர்களை நோக்கிப் போய்விட்டார்.

சுவரில் சாய்ந்து தமியான் நின்றுகொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கிட்டே வந்தான்.

"எப்பண்ணே கண்டுபுடிச்சீங்க?"

இடைவேளையில் என்று சொல்லியிருக்கலாம். தமியான் நம்பியிருப்பான், அவன் நம்புகிறவன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து இரண்டாவது முறை அதே நாளில் பொய் சொல்ல ரதோவானுக்கு வரவில்லை.

"காலையில," என்றார். "நீ வந்து கேட்டியே, அப்ப."

வெளியே மணிச் சத்தம் ஓயவில்லை. அவன் ஒரு அறை விட்டால் தேவலை என்று ரதோவான் நினைத்தார். ஒரு வார்த்தை, ஒரு கெட்ட வார்த்தையாவது. தமியான் தாடியைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு உள்ளே போகும் கதவைப் பார்த்தான்.

"பசங்ககிட்ட சொல்லிராதீங்க," என்றான். "தோத்தத அவங்க தாங்கிக்குவாங்க. இதத் தாங்க மாட்டாங்க. அவங்க அடுத்த வருஷமும் உங்ககிட்டதான் ஆடணும். நான் போறவன்."

"தமியான், நான் வந்து..."

"வேணாம்ணே. உள்ள வாங்க, எல்லாரும் காத்துகிட்டு இருக்காங்க."

அவனே கதவைத் திறந்து பிடித்தான். ரதோவான் உள்ளே காலை வைத்தார். வேர்வை நாற்றமும் ஈரத் துணி வாடையும் முகத்தில் அடித்தன. பதவிச் சேதி அவருக்கு முன்னாலேயே உள்ளே போய்விட்டிருந்தது. அழுது முகம் வீங்கிய பையன்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவன் மட்டையை எடுத்து அதன் நுனியால் தரையில் தட்டினான். அடுத்தவன் தட்டினான். யாரையாவது மெச்ச வேண்டுமென்றால் ஹாக்கிக்காரர்கள் கை தட்டுவதில்லை, இப்படித்தான் தட்டுவார்கள். சற்று நேரத்தில் பையன்களின் மட்டைகளெல்லாம் புதுப் பயிற்சியாளருக்காகத் தரையில் இடித்துக்கொண்டிருந்தன. ரதோவான் திரும்பித் தமியானைப் பார்த்தார். தமியான் தன் இடத்தில் போய் உட்கார்ந்து, பையன்கள் தன்னைக் கவனிப்பதைப் பார்த்து, தன் மட்டையையும் எடுத்தான். அவர்களோடு சேர்ந்து அவனும் தட்டினான்.